குடத்தின் அடி சாகாமல் மாஸ்டரிங்குக்கு அனுப்புவது

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், வீட்டு மாடியில் ஒரு அறைதான் என் ஸ்டூடியோ. கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் வில்லுப்பாட்டுக் குழுக்கள் பதிவு செய்ய வருவார்கள். பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் மிக்ஸ் என் வேலை. அதைக் கடைசியாக மெருகேற்றும் மாஸ்டரிங் நாகர்கோவில் அண்ணன் ஒருவர் செய்கிறார். முதல் பாட்டை அனுப்பியதும் போன் வந்தது: “மக்கா, எல்லாத்தையும் நசுக்கி அனுப்பியிருக்கியே, இதுல நான் என்னல செய்ய?”

சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று எல்லா ட்ராக்கும் சேரும் மாஸ்டர் சேனலில் லிமிட்டர் (ஒலியை ஒரு அளவுக்கு மேல் போகவிடாமல் அமுக்குவது) போட்டிருந்தேன். குடத்தில் மட்டை விழும் ஒவ்வொரு அடியின் தலையையும் அது சீவிவிட்டது. சீவியதை யாராலும் ஒட்ட வைக்க முடியாது. இப்போது லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கிறேன். அதற்கு எல்லா ட்ராக்கின் ஃபேடரையும் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியையும்) சேர்த்துப் பிடித்து ஒரே அளவு இறக்கினால் போதும். சில ட்ராக்குகளைச் சேர்த்த குரூப்பில் கம்ப்ரஸர் (ஓங்கும் ஒலியை அமுக்குவது) இருந்தால், அது அமுக்கத் தொடங்கும் அளவான த்ரெஷோல்டையும் அதே அளவு இறக்கணும்.

அண்ணன் கைக்குப் போவது இடது, வலது என்று இரண்டே சேனல். அங்கே ஒன்றைத் தொட்டால் எல்லாம் சேர்ந்து அசையும். பாட்டுக்குக் கொஞ்சம் பளிச்சென்று மேல் ஓசை கூட்டினால், வில்லின் மணிகளும் பாடும் புலவர் வாயின் ‘ஸ்’ சத்தமும் கூடவே காதைக் குத்தும். அதனால் மணிகளையும் ‘ஸ்’ஸையும் மிக்ஸிலேயே அடக்கிவிடுங்கள். தாழ்ந்த ஓசை (பாஸ்) குடத்துக்கு மட்டும் போதும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும், ஜால்ராவில் 300க்குக் கீழேயும் நான் வெட்டிவிடுகிறேன்.

அப்புறம் மோனோ. கொடையில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் இடதும் வலதும் ஒன்றாகத்தான் வரும். ஒருமுறை குடத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தேன். ஸ்டீரியோவில் கும்மென்று இருந்த அடி, மோனோ பட்டனைத் தட்டியதும் காணாமல் போனது. ஒரு மைக்கின் போலாரிட்டியைத் (ஒலி அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பினேன், அடி திரும்பி வந்தது.

ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக ஹெட்ஃபோனில் கேளுங்கள். இருமல், தாள் புரட்டும் சத்தம், ஆனி மாத மழை கூரையில் விழும் இரைச்சல் எல்லாம் மெல்லிய இடங்களில் ஒளிந்திருக்கும். மாஸ்டரிங்கில் அவையும் மேலே ஏறி வரும். வெட்டிய இடத்தில் சிறு ஃபேட் (ஒலி மெல்ல ஏறுவது, இறங்குவது) போடாவிட்டால் ‘டிக்’ என்று கேட்கும். புலவர் மூச்சு வாங்குவதை மட்டும் எடுக்காதீர்கள். அது பாட்டின் உயிர்.

எக்ஸ்போர்ட்: வேவ் ஃபைல், 24 பிட், பதிவு செய்த அதே சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது). நார்மலைஸ் (உச்ச அளவு வரை சத்தத்தைத் தானாக ஏற்றுவது) வேண்டாம், எம்பி3 வேண்டவே வேண்டாம். முன்னால் இரண்டு நொடி விட்டு, கடைசி உடுக்கை ஒலி முழுதாக அடங்கும் வரை விடுங்கள். மறுநாள் காலை அந்த ஃபைலையே முதலிலிருந்து கேட்டுவிட்டு, டிரைவ் லிங்க்காக அனுப்புங்கள்.

லிமிட்டர் போட்ட பிரதி ஒன்றையும் ‘கேட்க மட்டும்’ என்று பெயரிட்டுச் சேர்க்கிறேன். குழு கேட்டுச் சரி சொன்னது அதைத்தானே. கூடவே ஒரு குறிப்பு. போன பாட்டுக்கு எழுதியது: “2 நிமிடம் 14 நொடியில் உடுக்கை திடீரென்று ஓங்கும். தவறில்லை, சாமி வரும் இடம். அடக்க வேண்டாம்.”