புதுக் காபிக் கடை ஏன் தள்ளாடுகிறது: கணக்கைக் கோப்பையில் போடுங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ஓர் எண் கையில் இருக்க வேண்டும்: ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை விற்றால் கடை கட்டுபடியாகும்? புதிதாகக் கடை போடுகிறவர்களில் பலர் மெஷின் எந்த மாடல், சுவருக்கு என்ன நிறம், பெயர்ப் பலகை எப்படி என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். இந்த எண்ணைக் கடை திறந்த பிறகுதான் தேடுகிறார்கள். அதற்குள் வாடகை முடிவாகியிருக்கும், முதல் முழுவதும் உள்ளே இறங்கியிருக்கும். காபி நன்றாக இருந்தும் கடை தள்ளாடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

கணக்கு கடினமில்லை. வரி நீங்கலாக ஒரு கோப்பையின் விலையை 100 பங்கு என்று வையுங்கள். காபிக்கொட்டை, பால், சர்க்கரை, கோப்பை, மூடி, வீணாவது எல்லாம் சேர்ந்து 30 பங்கு. கார்டு கட்டணம் மாதிரியான சில்லறைச் செலவு 5 பங்கு. மிஞ்சுவது 65. அடுத்து, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் போகிற செலவைக் கூட்டுங்கள்: வாடகை, சம்பளம், மின்சாரம், கடன் தவணை, பராமரிப்பு, உங்களுடைய சொந்தச் சம்பளம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். முதலாளி சம்பளமே வாங்காமல் உழைத்தால்தான் கடை ஓடுகிறது என்றால் அந்தக் கடை நஷ்டத்தில்தான் ஓடுகிறது.

இந்த மாதச் செலவு 3,900 கோப்பையின் விலைக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பையில் மிஞ்சுவது 0.65 என்பதால், 3,900-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும்: 6,000 கோப்பை. மாதம் 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 231. உங்கள் எண் வேறாக இருக்கும், வழி இதுதான். கிடைத்த எண்ணை இரண்டு விதமாகச் சோதித்துப் பாருங்கள்.

போடுவதற்குக் கை போதுமா?

காபி நாள் முழுக்கச் சீராக விற்காது. பாதி விற்பனை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று வைத்தால், 231-ல் 116 கோப்பை அந்த மூன்று மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். சராசரி மணிக்கு 39. உச்சத்தில் 50-ஐத் தொடும்.

ஒரு பால் காபிக்கு ஆகிற நேரத்தைப் பாருங்கள். அரைக்க 6 வினாடி, பொடியைச் சமப்படுத்தி அழுத்த 8, ஷாட், அதாவது மெஷினில் வடியும் காபிச் சாறு, இறங்க 28 (பால் நுரைப்பது இதற்குள்ளேயே நடந்துவிடும்), ஊற்ற 8, துடைத்துக் கையில் கொடுக்க 15. மொத்தம் 65 வினாடி. கை நிற்காமல் போட்டால் மணிக்கு 55. ஆனால் நடுவில் கொட்டை நிரப்ப வேண்டும், பால் எடுக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருவரால் 45 போட முடிந்தாலே பெரிது. அவரே கல்லாவையும் பார்த்தால் 30-க்கு இறங்கிவிடும். வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள் என்பதால் இந்த நஷ்டம் கண்ணுக்கே படாது. நாள் முழுக்க மூன்று பேரை வைப்பதைவிட, நெரிசல் நேரத்துக்கு மட்டும் கல்லாவுக்கு ஓர் ஆளைக் குறுகிய ஷிப்டில் எடுப்பதுதான் கட்டுபடியாகும்.

மேடையின் அமைப்பும் கையைக் கட்டிப்போடும். பால் ஃபிரிட்ஜ் ஸ்டீம் குழாய்க்கு நேர் கீழே இருக்கட்டும். பின்பக்கச் சுவரோரம் இருந்தால் ஒவ்வொரு கோப்பைக்கும் திரும்பி, நடந்து, குனிய வேண்டும். கிரைண்டர், மெஷின், பால், கொடுக்கும் இடம் என்று வேலை ஒரே திசையில் நகர வேண்டும். ஆர்டர் சொல்லும் இடமும் காபி வாங்கும் இடமும் குறைந்தது இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் வாங்க நிற்பவர்கள் சொல்ல வருபவர்களை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

குடிப்பதற்கு ஆள் இருக்கிறதா?

கடை பார்த்து வைத்த இடத்தில் வார நாளில் இரண்டு தடவை, விடுமுறை நாளில் ஒரு தடவை போய் நில்லுங்கள். கால் மணிக்கு ஒருமுறை, கடை வரவிருக்கும் பக்கத்தில் நடந்து போகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். எதிர்ப்பக்கத்தில் போகிறவர்களைச் சேர்க்க வேண்டாம். சாலையைக் கடந்து காபி குடிக்க வருகிறவர்கள் குறைவு. நூற்றில் ஒருவர் உள்ளே வருவார் என்று குறைவாகவே வையுங்கள். அப்படியென்றால் 231 கோப்பைக்கு 23,100 பேர் நடக்க வேண்டும். அவ்வளவு கூட்டம் உள்ள தெருவில் வாடகையும் அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ஆகவே கடையைத் தாங்குவது வாடிக்கையாக வருகிறவர்கள்தான். வாரம் மூன்று முறை வருகிறவர் மாதம் சுமார் 13 கோப்பை குடிப்பார். அப்படி 350 பேர் இருந்தால் 4,550 கோப்பை. மீதி 1,450, அதாவது நாளுக்கு 56, வழிப்போக்கர்களிடமிருந்து வந்தால் போதும்; அதற்கு 5,600 பேர் நடந்தால் சரி. இந்த 350 பேர் எங்கிருந்து வருவார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: நடந்து ஐந்து நிமிடத்துக்குள் இருக்கிற அலுவலகங்கள், கல்லூரி, குடியிருப்பு, நிலையம். எழுத முடியவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

இடம் சரி என்றால், ஒப்பந்தத்துக்கு முன் மின் இணைப்பைப் பாருங்கள். இரண்டு குரூப் (காபி வடியும் தலை) உள்ள மெஷின் மட்டுமே 3 முதல் 5 கிலோவாட் இழுக்கும். அதற்கு மேல் ஃபிரிட்ஜ், பாத்திரம் கழுவும் மெஷின், ஏசி. மேடை வரப்போகும் இடத்துக்குத் தண்ணீரும் கழிவுக் குழாயும் வருமா என்று பிளம்பரை அழைத்துவந்து காட்டுங்கள். வேலை நடக்கும் வாரங்களுக்கு வாடகை இல்லாத காலம், ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்ற வரம்பு, இடையில் வெளியேறும் வழி, உள்வாடகைக்கு விடும் உரிமை ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

விலையும் தள்ளுபடியும்

கூட்டம் குறைந்ததும் முதலில் கை போவது தள்ளுபடிக்கு. 20 சதவீதம் குறைத்தால் 65 பங்கு 45 ஆகிவிடும். முன்பு 100 கோப்பையில் கிடைத்ததைப் பெற இப்போது 145 போட வேண்டும். பத்தாவது கோப்பை இலவசம் என்ற அட்டை இதைவிட நல்லது: ஒன்பது கோப்பைக்கு 20 சதவீதத் தள்ளுபடி 180 பங்கைத் தின்னும், இலவசக் கோப்பைக்கு உங்கள் கைச்செலவு 30 பங்குதான். அதோடு அந்த அட்டை ஆளைத் திரும்ப வரவைக்கிறது. டெலிவரி ஆப் 25 பங்கு எடுத்தால் மிஞ்சுவது 40, அதற்குள் பேக்கிங் வேறு. நுரை வழியிலேயே அடங்கிப்போய், ஆறிய காபிக்கான கெட்ட பெயர் உங்களுக்கு வரும். ஆப்பில் விற்பதாக இருந்தால் பாட்டில் குளிர் காபி மாதிரி வழியில் கெடாததை மட்டும் விற்கலாம்.

விலையை 5 சதவீதம் ஏற்றினால், அதே கட்டுபடிக்கு நாளுக்கு ஏறத்தாழ 16 கோப்பை குறைவாக விற்றால் போதும். ஏற்றத் தயங்கி ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பிறகு ஒரேயடியாக 20 சதவீதம் ஏற்றுகிறவர்களிடம்தான் வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

மெனுவில் ஏழெட்டு பானம், இரண்டு அளவு போதும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு சிரப்பும் ஒவ்வொரு பாலும் ஃபிரிட்ஜில் இடத்தையும் கையில் நேரத்தையும் எடுக்கும், கடைசியில் தேதி முடிந்து குப்பைக்குப் போகும்.

தினமும் கைவழியே ஒழுகுவது

எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தொடக்க அளவு: 18 கிராம் பொடி, 36 கிராம் திரவம், 25 முதல் 30 வினாடி, தண்ணீர் 92 முதல் 95 டிகிரி. இதை 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள். கண்ணளவில் போட்டு 20 கிராம் விழுந்தால் ஷாட்டுக்கு 2 கிராம். 231 ஷாட்டுக்கு 462 கிராம். மாதத்தில் 12 கிலோ கொட்டை.

காலையில் சரிபார்த்த அரைப்பு மதியம் வரை நிற்காது. நெரிசலில் கிரைண்டரின் பற்கள் சூடாகும், காற்றின் ஈரமும் மாறும். 28 வினாடியில் இறங்கியது 21-க்கு வந்து காபி புளிக்கும். அப்போது அரைப்பை ஒரு சிறு படி நைஸாக்கி, உள்ளே தங்கியிருக்கும் பழைய பொடி வெளியேற ஒரு முறை அரைத்துக் கொட்டிவிட்டு, மறுபடி நேரம் பாருங்கள். ஒரே நேரத்தில் அளவையும் அரைப்பையும் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும். நேரம் சரியாக இருந்தும் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால், பொடி சமமாகப் பரவாமல் தண்ணீர் ஒரு பக்கம் துளைத்து ஓடுகிறது என்று அர்த்தம். வறுத்து இரண்டு மூன்று நாளே ஆன கொட்டையிலும் தொல்லை உண்டு. உள்ளே இருக்கும் கரியமில வாயு ஷாட்டைத் தாறுமாறாக்கும். வறுத்து 7 முதல் 14 நாள் கழித்துத் திறக்கிற மாதிரி ஆர்டர் கொடுங்கள்.

பால் இன்னும் பெரிய ஓட்டை. கோப்பைக்கு 40 மில்லி பால் ஜக்கில் மிஞ்சிச் சிங்க்கில் போனால், 200 பால் காபிக்கு 8 லிட்டர். ஒரு வாரம் மிச்சப் பாலைச் சிங்க்கில் ஊற்றவிடாமல் அளவுக் கோடு போட்ட பாத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மாலையில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலே போதும், யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு கோப்பை அளவுக்கும் ஜக்கின் உட்புறம் ஒரு கோடு போடுங்கள். ஒரு கோப்பைக்கு 350 மில்லி ஜக், இரண்டுக்கு 600 மில்லி. 5 டிகிரிக்குள் குளிர்ந்த பாலில் முதல் சில வினாடிகளில் காற்றை ஏற்றி, ஜக் கைச்சூடு வந்ததும் குழாயைச் சற்று உள்ளே இறக்கிச் சுழலவிட்டு, 60 முதல் 65 டிகிரியில் நிறுத்துங்கள். ஒருமுறை சூடான பால் மறுபடி ஒழுங்காக நுரைக்காது.

மெஷின் நின்றால்

மெஷின் நிற்கிற நாளில் 231 கோப்பையும் போய்விடும். பெரும்பாலான பழுதுக்குத் தண்ணீர்தான் காரணம். கடினத்தன்மை 50 முதல் 175 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பாய்லரில் சுண்ணாம்பு படியும். அதற்காக வெறும் ஆர்ஓ தண்ணீரை விட்டாலும் ஆபத்து. காபி சப்பென்று இருக்கும். பாய்லரின் மட்டத்தை அறியும் கம்பி நீரின் மின்கடத்தலை வைத்து வேலை செய்வதால், தாது இல்லாத நீரை அது உணராமல் பாய்லர் நிரம்பி வழியும். ஆர்ஓ நீரில் தாதுவைத் திரும்பச் சேர்க்கும் ஃபில்டர் பொருத்துங்கள்.

இரவில் கடை மூடும்போது அடைப்புக் கூடையில் (துளையில்லாத வடிகட்டி) சுத்தப் பொடி போட்டு, 10 வினாடி ஓட்டி 10 வினாடி நிறுத்தி ஐந்து முறை. அதே மாதிரி வெறும் தண்ணீரில் ஐந்து முறை. ஸ்டீம் குழாயை ஒவ்வொரு ஜக்குக்குப் பிறகும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு நொடி ஆவியைத் திறந்து விட வேண்டும். இல்லையென்றால் குழாய் குளிரும்போது பால் உள்ளே இழுக்கப்பட்டு காய்ந்துபோகும். குரூப்பின் ரப்பர் கேஸ்கெட்டை 6 முதல் 12 மாதத்தில் மாற்றுங்கள், ஒன்றை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். பழைய மெஷின் வாங்கிப் பணம் மிச்சம் பிடிக்கலாம். கிரைண்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

முதல் ஆறு மாதம்

கடை திறக்கும் நாளில் ஆறு மாத நிலைச் செலவு வங்கியில் தனியாக இருக்கட்டும். அதற்காக நாற்காலியின் தரத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் குறைத்துவிடலாம். திறந்த மாதத்தில் உறவும் நட்பும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் கூட்டத்தைக் கூட்டுவார்கள். அதை நம்பி ஆள் எடுக்காதீர்கள், இரண்டாம் மாதம் எண்ணிக்கை இறங்கும். தினமும் மணிவாரியாகக் கோப்பைகளை எழுதி வாருங்கள். மொத்த எண்ணிக்கையோடு, வாரம் மூன்று முறை வரும் முகங்கள் எத்தனை என்பதையும் பாருங்கள். இரண்டாவது எண் மாதாமாதம் ஏறினால் பொறுத்திருக்கலாம்.

நான்காம் மாத முடிவில் அந்த முகங்களின் எண்ணிக்கை அசையாமல் நின்றால், மூன்று மணி நேர நெரிசலைத் தவிர மற்ற நேரத்தைச் சுருக்குங்கள், சம்பளச் செலவு முதலில் இறங்கும். கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்கு வரும்போது, வாடகை பாக்கி விழுவதற்கு முன்பே, எழுதி வைத்த எண்களோடு கட்டட உரிமையாளரைப் போய்ப் பாருங்கள். சில மாதத்துக்கு வாடகையை விற்பனையில் ஒரு பங்காக வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம், அல்லது முன்பணத்தில் கழிக்கச் சொல்லலாம். இரண்டுக்கும் ஒப்பவில்லை என்றால், மெஷினும் கிரைண்டரும் கடனில் சிக்காமல் உங்கள் கையில் இருக்கும்போதே உள்வாடகைக்கு ஆள் தேடத் தொடங்குங்கள்.