பொருளியலும் வணிகமும் சேர்த்துப் படிக்கப்போகிறீர்களா? பாடத்திட்டத்தை வலமிருந்து இடமாக எழுதுங்கள்

ஏழாவது பருவத்தின் இரண்டாம் வாரத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. எட்டாவது பருவத்தோடு நான் பட்டம் வாங்கப்போவதில்லை. எடுக்க வேண்டிய பாடங்களின் பட்டியல் முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டுதான் வந்தேன். மிச்சம் மூன்றே மூன்று பாடங்கள். ஆனால் அந்த மூன்றும் ஒன்றை முடித்தால்தான் அடுத்ததைத் தொட முடியும் என்ற வகை. பருவங்களோ இரண்டுதான் இருந்தன. ஒன்பதாவது பருவத்தில் ஒரே ஒரு பாடத்துக்காகப் பேருந்து ஏறிப் போய்வந்தேன்.

இப்போது என் சித்தி மகள் அதே படிப்புக்குப் போகிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது.

முதல் படி: எந்த வகைச் சேர்க்கை என்று முடிவு செய்யுங்கள்

"எகனாமிக்ஸ் அண்ட் பிசினஸ்" என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னாலும் சிங்கப்பூரில் அது மூன்று வெவ்வேறு பொருள்.

இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு சான்றிதழ்கள். இரண்டு துறைகளின் நிபந்தனைகளையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது முதன்மைப் பாடம் என்றால் சான்றிதழ் ஒன்று, அதில் இரண்டு துறைகள். மூன்றாவது வகையில் படிப்பே கலந்து வடிவமைக்கப்பட்டிருக்கும். லண்டன் பல்கலைக்கழகத்தின் 'பொருளியலும் நிர்வாகமும்' இளநிலைப் பட்டம் அப்படிப்பட்டது. அதை இங்கே எஸ்ஐஎம் என்ற தனியார் கல்வி நிலையத்தில் படிக்கலாம். பாடத்திட்டத்துக்கு வழிகாட்டுவது லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். மொத்தம் 12 முழுப்பாடங்கள், பெரிய தேர்வுகள் மே, ஜூன் மாதங்களில்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது முதன்மைப் பாடமே போதும். இரண்டு சான்றிதழ்களை வீட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால் நேர்முகத் தேர்வுகளில் என்னிடம் கேட்டதெல்லாம் "ரிக்ரஷன் செய்யத் தெரியுமா, ஐந்தொகை படிக்கத் தெரியுமா" என்பதுதான்.

இரண்டாம் படி: நுழைவு. கணிதமும் 70 புள்ளிகளும்

வணிகத்துக்கு மட்டும் விண்ணப்பிப்பவர்கள் கணிதத்தை ஓரளவு மறந்துவிட்டு வரலாம். பொருளியல் சேர்ந்தால் முடியாது. இரண்டாம் ஆண்டிலேயே வகையீடு, அணிகள், லக்ராஞ்ச் முறை எல்லாம் வந்துவிடும். தொடக்கக் கல்லூரியில் எச்2 கணிதம் (எச்2 என்பது முழு அளவுப் பாடம், எச்1 அதில் பாதி) எடுத்திருந்தால் நிம்மதி. இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் துறையின் கணித நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

தொடக்கக் கல்லூரி முடிவில் மேல்நிலைத் தேர்வு (ஏ-லெவல்) எழுதியவர்களுக்கு 2026 சேர்க்கையிலிருந்து கணக்கு மாறிவிட்டது. முன்பு அதிகபட்சம் 90 புள்ளிகள், இப்போது 70. மூன்று எச்2 பாடங்களுக்குத் தலா 20, பொதுத்தாளுக்கு (ஜெனரல் பேப்பர்) 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் உங்கள் எண்ணிக்கையை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வீட்டில் ஒரு மாலை முழுவதும் சண்டை நடந்தது. தமிழில் பி வாங்கினாலும் ஏதோ கொஞ்சம் கூடும் என்றார் சித்தி.

சித்தி மகளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எச்2 பாடங்களில் ஒரு ஏ, இரண்டு பி: 20 + 17.5 + 17.5. பொதுத்தாளில் பி: 8.75. கூட்டினால் 63.75. தமிழில் எச்1 ஏ, அதற்கு 10. இப்போது மொத்தம் 73.75, ஆனால் இது 80க்கு. இதை 70க்கு மாற்றினால் ஏறத்தாழ 64.53. உயர்ந்துவிட்டது, ஆகவே தமிழ் சேரும். அவளே தமிழில் பி வாங்கியிருந்தால்? 72.5ஐ 80லிருந்து 70க்கு மாற்றினால் 63.44. குறைகிறது, ஆகவே தமிழ் கணக்கிலேயே வராது. அவளுடைய நான்காவது பாடமான புவியியலில் சி. அதைச் சேர்த்தால் 62.34க்கு இறங்கும், ஆகவே அதையும் விட்டுவிடுவார்கள்.

மனக்கணக்குக்கு ஒரு வழி: உங்கள் 70 புள்ளி எண்ணிக்கையை ஏழால் வகுங்கள். அவளுக்கு 9.1. எச்1 பாடத்தின் புள்ளி அதைவிடக் கூடுதலாக இருந்தால்தான் பயன். நன்றாகச் செய்திருப்பவருக்கு ஏ மட்டுமே உதவும். சித்தி இன்னும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை.

மூன்றாம் படி: மொத்தம் எவ்வளவு இடம் இருக்கிறது

இதை விரைவாக முடித்துவிடலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மனிதவியல், அறிவியல் கல்லூரியில் ஒரு நான்காண்டுப் பட்டத்துக்கு 160 யூனிட். பொதுப்பாடங்களுக்கு 52, முதன்மைப் பாடத்துக்கு 60, மிச்சம் 48 உங்கள் விருப்பம். இரண்டாவது முதன்மைப் பாடம் 40 யூனிட் கேட்கும். ஆகவே பொருளியலை முதன்மையாக எடுத்து, நிர்வாகத்தை இரண்டாவதாக அந்த 48க்குள் அடக்க முடியும். ஆனால் ஜப்பானிய மொழி, திரைப்பட ஆய்வு போன்ற ஆசைகளுக்கு மிஞ்சுவது எட்டே யூனிட், அதாவது இரண்டு பாடங்கள்.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 'கோர்ஸ் யூனிட்' கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பட்டத்துக்கு 36. பாடங்களுக்கு வெளியிலும் 80 மணி நேரச் சமூக சேவையும் வேலைப் பயிற்சியும் கட்டாயம். இவற்றை விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கடைசி விடுமுறையில் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

நான்காம் படி: சங்கிலி. இங்கேதான் நான் விழுந்தேன்

தேக்காவில் (லிட்டில் இந்தியா) மளிகைக் கடையிலோ நகைக் கடையிலோ தீபாவளிக்குக் கொடுத்த பெரிய மாதக் காலண்டர் வீட்டில் இருக்கும். அதில் ஒரு தாளைக் கிழித்துத் திருப்பிப் போடுங்கள். பென்சிலால் எட்டுக் கட்டங்கள் போடுங்கள். பேனா வேண்டாம், குறைந்தது ஆறு முறை அழிக்கப்போகிறீர்கள்.

இப்போது எட்டாவது கட்டத்திலிருந்து, அதாவது வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். நான்காம் ஆண்டுப் பொருளியல் பாடங்களில் உங்களுக்குப் பிடித்த இரண்டை அங்கே எழுதுங்கள். அந்தப் பாடத்தை எடுக்க எதை முடித்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அநேகமாக எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) என்று இருக்கும். அதை ஆறாவது கட்டத்துக்குள் எழுதுங்கள். எகனாமெட்ரிக்ஸுக்கு எது முன்தேவை? அதற்கான புள்ளியியல் அடிப்படை. அது நான்காவது கட்டத்துக்குள் வர வேண்டும். அதற்கும் முன்னால் அளவியல் முறைகள் (பொருளியலுக்கான கணிதப் பாடம்), நுண்பொருளியல், எல்லாவற்றுக்கும் அடியில் முதலாம் ஆண்டு அறிமுகப் பாடம். இப்படி இடது ஓரம் வரை வந்துவிட்டால் சங்கிலி முழுமை. வணிகப் பாடங்களான கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், செயல்பாட்டு நிர்வாகம் ஆகியவற்றின் சங்கிலிகள் குட்டையானவை. ஆகவே பொருளியலை முதலில் நட்டுவிட்டு, வணிகத்தை இடைவெளிகளில் நிரப்புங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

என் கதை இதுதான். முதல் பருவத்தில் வணிகப் பள்ளி மாணவர்களுக்கான பொருளியல் அறிமுகத்தை எடுத்தேன். அடுத்த பருவத்தில் பொருளியல் துறையின் அறிமுகத்தை எடுக்கப் போனால் கணினி ஏற்க மறுத்தது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை எடுக்கக் கூடாது என்ற விதி. மாணவர்கள் 'ப்ரிகுளூஷன்' என்பார்கள். சரி, அப்படியானால் இந்த நிபந்தனை தீர்ந்தது என்று நினைத்துப் பட்டியலில் அடித்துவிட்டேன். தீரவில்லை. இரண்டாம் ஆண்டுப் பொருளியல் பாடங்கள் அந்தத் துறையின் அறிமுகத்தைத்தான் கேட்டன. ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று எழுதி வாங்குவதற்குள் இரண்டு பருவங்கள் ஓடிவிட்டன.

அத்தோடு விட்டதா? புள்ளியியல் அடிப்படைப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்பட்டது. ஐந்தாம் பருவத்தில் அது நிதி வகுப்பின் நேரத்தோடு மோதியது. அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டேன். ஆறாம் பருவத்தில் மாணவர் பரிமாற்றத்தில் நெதர்லாந்து போய், அங்கே புள்ளியியலும் எகனாமெட்ரிக்ஸும் கலந்த ஒரு பாடத்தை ரசித்துப் படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி வந்தேன். புறப்படும் முன் அந்தப் பாடத்துக்கு ஈடு ஒப்புதல் வாங்கியிருக்கவில்லை. திரும்பி வந்ததும் அது விருப்பப் பாடமாக மட்டுமே வரவு வைக்கப்பட்டது. நினைவுக்கு மிச்சம் சைக்கிள் ஓட்டிய படங்கள்.

ஆகவே தாளில் மூன்று குறிகள் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடத்தப்படும் பாடத்தைச் சுற்றி வட்டம். இரண்டு துறைகளிலும் ஒரே மாதிரிப் பெயருள்ள பாடங்களுக்கு நடுவே கேள்விக்குறி. அறிமுகப் பொருளியலும் புள்ளியியலும்தான் வழக்கமான குற்றவாளிகள். வெளிநாடு போகும் பருவத்தின் மேல் குறுக்குக் கோடு. வட்டம் போட்ட பாடம் எதுவும் அந்தக் கட்டத்தில் இருக்கக் கூடாது. கேள்விக்குறிகளைத் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சீனியர் சொன்னார் என்பது ஆதாரமாகாது.

ஐந்தாம் படி: கருவிகள்

தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் 'என்யுஎஸ்மாட்ஸ்' தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களே உருவாக்கியது. முன்தேவைப் பாடங்களை மரம்போல வரைந்து காட்டும், எந்தப் பருவத்தில் நடக்கிறது, எதோடு மோதுகிறது என்றெல்லாம் சொல்லும். கடவுச்சொல் தேவையில்லை என்பதால் சேர்வதற்கு முன்பே யாரும் பார்க்கலாம். என் கருத்தில் அதிகாரபூர்வப் பக்கங்களைவிட இது தெளிவு. ஆனால் பட்ட நிபந்தனைகளுக்கு, நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான அதிகாரபூர்வப் பக்கமே கடைசி வார்த்தை. முந்தைய ஆண்டுப் பக்கம் உங்களுக்குப் பொருந்தாது.

நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் பாடங்களை 'பாஸ்' என்ற முறையில் ஏலம் கேட்டு எடுக்க வேண்டும். அங்கே வட்டம் போட்ட பாடத்துக்குத்தான் அதிகம் செலவழிக்க வேண்டும், நண்பர்கள் எல்லோரும் போகும் வகுப்புக்கு அல்ல.

எக்செல் எனக்குப் பிடிக்கும், வேலையில் நாள் முழுவதும் அதுதான். ஆனால் இந்த வேலைக்கு முதலில் காகிதம். எக்செலில் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவில் ஒழுங்காகத் தெரிவதால் எல்லாம் சரியாக இருப்பது போன்ற மயக்கம் வரும்.

ஆறாம் படி: பணம்

தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் (தேசியப் பல்கலைக்கழகம், நிர்வாகப் பல்கலைக்கழகம் போன்றவை) கல்வி அமைச்சின் கட்டண மானியம் உண்டு. குடிமக்களுக்கு நிபந்தனை இல்லை. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டவரும் அதைப் பெற்றால் பட்டம் வாங்கியபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். எஸ்ஐஎம் வழியாகப் படிக்கும் லண்டன் பட்டத்துக்கு அந்த மானியம் இல்லை.

என் ஒன்பதாவது பருவத்துக்கு அப்பாவின் மத்திய சேம நிதியிலிருந்துதான் கடனாக எடுத்தோம். அந்தக் கடனைப் பட்டம் வாங்கிய ஓராண்டுக்குப் பின் வட்டியோடு ரொக்கமாக அவர் கணக்கிலேயே திருப்பிக் கட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதந்தோறும் அந்தத் தொகை போவதைப் பார்க்கும்போதெல்லாம் நெதர்லாந்து சைக்கிள் நினைவுக்கு வரும். வீட்டு வருமானம் குறைவு என்றால் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உபகார நிதிக்கும் விண்ணப்பியுங்கள்.

பின்சேர்க்கை 1: தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி பின்னூட்டத்தில் கேட்டார்: "அக்கா, இரண்டு ஆண்டில் கணிதம் முழுக்க மறந்துவிட்டது, என்ன செய்வது?" சேவை முடிந்து வகுப்பு தொடங்கும் முன் உள்ள வாரங்களில் வகையீட்டையும் நிகழ்தகவையும் மட்டும் கான் அகாடமியில் திரும்பப் பாருங்கள். தொகையீட்டில் நேரத்தைக் கொட்ட வேண்டாம், முதலாம் ஆண்டில் அதிகம் தேவைப்படாது.

பின்சேர்க்கை 2: பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிகப் பட்டயம் முடித்தவர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். நான் யோசிக்காத சிக்கல் அது. பட்டயத்துக்காகச் சில பாடங்களிலிருந்து விலக்கு கொடுப்பார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் விலக்குப் பெற்ற பாடமும் எடுத்த பாடமாகவே கணக்கிடப்பட்டால், நான் மாட்டிய அதே ப்ரிகுளூஷனில் நீங்கள் வகுப்புக்கே போகாமல் மாட்டிக்கொள்வீர்கள். விலக்கை ஏற்குமுன் பொருளியல் துறையிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: சித்தி மகள் மூன்று மாலைகள் உட்கார்ந்து தாளை முடித்தாள். அளவியல் முறைகள் முதலாம் ஆண்டிலேயே, பரிமாற்றம் ஐந்தாம் பருவத்தில், வட்டம் போட்ட பாடங்கள் அதற்கு இருபுறமும். அழகாக வந்திருந்தது. மறுவாரம் சித்தி அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய காலண்டர் என்று நினைத்து, செய்தித்தாள் கட்டோடு பழைய பொருள் வாங்க வரும் கராங்கூனிக்காரரிடம் போட்டுவிட்டார். வரைந்து முடித்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.