சிற்றூர் ரோடியோவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூலை முதல் வாரம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள் பலர், வழியில் ஏதாவது ஒரு சின்ன ஊரில் ரோடியோ, அதாவது கவ்பாய்கள் துள்ளும் குதிரை, காளை மேல் சவாரி செய்து, கயிறு வீசிக் கன்று பிடித்துப் போட்டியிடும் விளையாட்டு, நடக்கும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இதையும் பார்த்துவிடலாம்" என்று கடைசி நேரத்தில் டிக்கெட் எடுக்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்டால், "குதிரை துள்ளியது, ஆள் விழுந்தான். மாடு துள்ளியது, ஆள் விழுந்தான். பிள்ளைகளுக்குப் போரடித்துவிட்டது" என்பார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். விதி தெரியாமல் உட்கார்ந்தால் எந்த ஆட்டமும் சலிக்கும். ரோடியோவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், எந்த ரோடியோவுக்குப் போகிறோம் என்றே பார்க்காமல் போவது. வயோமிங் மாநிலத்துக் கோடி என்ற ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். யெல்லோஸ்டோனின் கிழக்கு வாசலிலிருந்து சுமார் 50 மைல். அங்கே கோடைகாலம் முழுக்க இரவு ரோடியோ நடக்கும், 1938 முதல் நடந்துவருகிறது. வளர்ந்துவரும் இளைஞர்கள் கைபழகும் இடம் அது. அதே ஊரில் ஜூலை 4-ஐ ஒட்டி நடக்கும் 'கோடி ஸ்டாம்ப்பீட்' வேறு. 1919-இல் தொடங்கியது, தொழில்முறை ரோடியோ கவ்பாய்கள் சங்கமான பிஆர்சிஏவின் அங்கீகாரம் பெற்றது. இப்படி அங்கீகரிக்கப்பட்ட ரோடியோக்கள் அமெரிக்காவில் ஆண்டுக்கு 600-க்கும் மேல் நடக்கின்றன. அவற்றில் ஜெயிக்கும் பணம்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் முதல் 15 பேர் டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடக்கும் தேசிய இறுதிப்போட்டிக்குப் போவார்கள். இரவு ரோடியோ, ஸ்டாம்ப்பீட் இரண்டுமே பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் உலகத் தரத்து வீரர்களைப் பார்க்க ஆசைப்பட்டு வேறு நாளில் போய் நின்றால் ஏமாற்றம்தான். ஸ்டாம்ப்பீட் சமயத்தில் தங்க அறை கிடைப்பது மிகக் கஷ்டம், பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது பெரிய தவறு. ரோடியோவைச் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் கலைநிகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வது. உள்ளே இறங்குகிற கவ்பாய்க்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கலந்துகொள்ள அவர்தான் நுழைவுக்கட்டணம் கட்டுகிறார். வண்டிக்கு டீசல், குதிரைக்குத் தீவனம், காயம்பட்டால் வைத்தியம், எல்லாம் சொந்தச் செலவு. பரிசு வாங்கினால் வருமானம், இல்லையென்றால் கட்டிய பணமும் போச்சு. 1936-இல் பாஸ்டன் கார்டன் அரங்கில் கவ்பாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பரிசுத்தொகை குறைவு, தாங்கள் கட்டிய கட்டணத்தையாவது அதோடு சேருங்கள் என்பதுதான் கோரிக்கை. அந்தப் போராட்டத்தில் உருவான சங்கத்தின் வழித்தோன்றல்தான் இன்றைய பிஆர்சிஏ.

இது தெரிந்தால் ஜூலை 4 வாரத்தின் பரபரப்பு புரியும். அதை அவர்கள் 'கவ்பாய் கிறிஸ்துமஸ்' என்பார்கள். வயோமிங்கில் கோடி, மொன்டானாவில் ரெட் லாட்ஜ், லிவிங்ஸ்டன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே சமயத்தில் ரோடியோ நடக்கும். ஒருவர் மதியம் ஓர் ஊரில் சவாரி செய்துவிட்டு, முட்டியில் பனிக்கட்டியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறி, இரவு அடுத்த ஊரில் சவாரி செய்வார். சவாரிக்காரர் எட்டு விநாடியாவது மிருகத்தின் மேல் தாங்க வேண்டும். உங்கள் கண்முன் அது முடியாமல் மண்ணில் விழுந்தவர் மணிக்கணக்காக வண்டி ஓட்டி வந்திருக்கலாம். விழுந்தவருக்கு மதிப்பெண் இல்லை, பணமும் இல்லை. இன்றிரவு இவர் கொண்டுபோகப் போவது உங்கள் கைத்தட்டல் மட்டும்தான் என்று அறிவிப்பாளர் சொல்வது சும்மா பேச்சு இல்லை. கைதட்டுங்கள்.

வாசலில் விற்கும் நிகழ்ச்சிக் கையேட்டை வாங்காமல் விடாதீர்கள். அன்றைக்கு யார் யார், எந்த ஊர், முதுகில் என்ன எண், எந்த மிருகம் என்றெல்லாம் அதில் இருக்கும். எந்தக் காளை, எந்தக் குதிரை யாருக்கு என்பது குலுக்கலில் முடிவாவது. இன்னொன்று, அன்றிரவே வெற்றியாளரை அறிவித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு நாள் நடக்கும் போட்டியில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள் வருவார்கள். எல்லாரும் முடித்த பிறகுதான் யார் முதல் என்று தெரியும். அதனால் நீங்கள் போகும் நாளில், இதுவரை முன்னிலையில் இருக்கும் மதிப்பெண் என்ன, நேரம் என்ன என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அதை இவர் தாண்டுவாரா என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேள்வி.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். எட்டு விநாடி தாங்கினால் வெற்றி என்று நினைக்கிறார்கள். எட்டு விநாடி என்பது தேர்வு எழுத உள்ளே விடும் அனுமதி மாதிரி, மதிப்பெண் அதற்கப்புறம்தான். மொத்தம் 100. அதில் சரிபாதி மிருகத்துக்கு. காளை எவ்வளவு உயரம் எகிறியது, எப்படிச் சுழன்றது, திசை மாற்றியதா என்றெல்லாம் நடுவர்கள் பார்க்கிறார்கள். மீதிப் பாதி, அந்தத் துள்ளலுக்கு ஈடுகொடுத்து உடலை எவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்தார் என்பதற்கு. சாதுவான காளையின் மேல் சுகமாக எட்டு விநாடி உட்கார்ந்தவருக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும். மிருகம் சரியாகத் துள்ளவில்லை என்று நடுவர்கள் கருதினால் மறுசவாரி தருவார்கள். கையில் இருக்கும் மதிப்பெண்ணை வைத்துக்கொள்வதா, அதை விட்டுவிட்டு இன்னொரு மிருகத்தின் மேல் ஏறுவதா என்று சில நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். அந்தச் சமயம் அவர் முகத்தைப் பாருங்கள்.

கதவு திறந்த பிறகு பார்க்க ஆரம்பிப்பதும் தவறுதான். அதற்கு முன்பே இரும்புக் கூண்டுக்குள் நிறைய நடக்கிறது. காளையின் முதுகைச் சுற்றிய கயிற்றைத் தோழர் ஒருவர் மேலிருந்து இழுத்துப் பிடித்திருப்பார். சவாரிக்காரர் பிசின் தடவிய கையுறையால் அந்தக் கயிற்றை மேலும் கீழும் வேகமாகத் தேய்ப்பார். சூட்டில் பிசின் இளகினால்தான் பிடி நிற்கும். பிறகு கையை உள்ளே வைத்து, கயிற்றை விரல்களுக்குள் சுற்றி, முஷ்டியை இன்னொரு கையால் குத்தி இறுக்குவார். கயிற்றில் ஒரு மணி தொங்கும். அது அலங்காரம் இல்லை, சவாரி முடிந்து கையை எடுத்ததும் அந்தக் கனத்தில் கயிறு தானாகக் கழன்று விழுவதற்காக. எல்லாம் சரியாக அமைந்ததும் ஒரே ஒரு தலையசைப்பு. அதைப் பார்த்துத்தான் கதவைத் திறப்பார்கள். குதிரைச் சவாரி என்றால் அந்த முதல் துள்ளலில் கால்களைக் கவனியுங்கள். குதிரையின் முன்னங்கால்கள் தரையைத் தொடும்போது சவாரிக்காரரின் பூட்ஸ் குதிகாலில் மாட்டிய குதிமுட்கள் அதன் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தவறினால், எட்டு விநாடி பிரமாதமாகச் சவாரி செய்தாலும் மதிப்பெண் கிடையாது. இந்த விதி தெரியாதவர்கள்தான் "நன்றாகத்தானே ஓட்டினான், ஏன் ஒன்றும் தரவில்லை?" என்று கேட்பார்கள். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், பிடிக்காத கை மிருகத்தின் மேல் பட்டாலும் அதே கதிதான்.

காளைச் சவாரி பெரும்பாலும் கடைசியில் வரும். அதற்காக மட்டும் காத்திருந்து, நடுவில் வரும் கயிற்றுப் போட்டிகளின்போது சாப்பாட்டு வரிசையில் போய் நிற்பவர்கள் அதிகம். என்னைக் கேட்டால், ரோடியோவில் கைவினை இருப்பது அங்கேதான். இவை பண்ணையில் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்து வந்தவை. கன்றைப் பிடித்துக் கட்டும் போட்டியில் கன்று முதலில் ஓட வேண்டும். அதற்குரிய தூரம் ஓடும்வரை குதிரைக்கு முன்னால் ஒரு கயிறு தடுப்பாக நிற்கும். அவசரப்பட்டு அதை அறுத்துக்கொண்டு பாய்ந்தால் 10 விநாடி தண்டனை, கதை முடிந்தது. சுருக்குக் கயிறு கழுத்தில் விழுந்ததும் அவர் குதித்து ஓடுவார். இனிமேல் குதிரையைப் பாருங்கள். மேலே ஆள் இல்லாமலே பின்னுக்கு அடிவைத்து, கயிறு தொய்யாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர் பல்லில் கடித்திருக்கும் சின்னக் கயிற்றால் கன்றின் மூன்று கால்களைக் கட்டி, இரண்டு கையையும் மேலே தூக்குவார். அதோடு முடியவில்லை. மறுபடி குதிரை ஏறி, கயிற்றைத் தளர்த்திய பிறகு 6 விநாடி கட்டு அவிழாமல் இருக்க வேண்டும். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஓடும் குதிரையிலிருந்து தாவி மாட்டின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் போட்டியையும் விடாதீர்கள். டெக்சாஸைச் சேர்ந்த பில் பிக்கெட் என்ற கறுப்பினக் கவ்பாய் பிரபலமாக்கியது அது. குதிரையில் பீப்பாய்களைச் சுற்றி வேகமாக ஓடிவரும் பெண்களின் பீப்பாய்ப் பந்தயத்தில் ஒரு பீப்பாய் சாய்ந்தால் 5 விநாடி கூடும். விநாடியின் நூறில் ஒரு பங்கில் பரிசு கைமாறும் போட்டியில் அது பெரிய அடி. சாப்பிடவோ கழிப்பறைக்கோ போக நல்ல நேரம், டிராக்டர் மண்ணைச் சமன் செய்யும்போது. ஒரு சவாரி நடக்கும்போது நடைபாதையில் எழுந்து நிற்காதீர்கள், பின்னால் இருப்பவரின் எட்டு விநாடியும் போய்விடும்.

காளைக்கு முன்னால் ஓடும் வண்ண உடைக்காரர்களை எல்லாம் கோமாளி என்று நினைத்துப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்வதும் உண்டு. சிரிக்க வைப்பவர் தனி, பெரும்பாலும் தனக்கென்று அரங்கில் வைத்த பீப்பாய்ப் பக்கம் இருப்பார். மற்றவர்கள் புல்ஃபைட்டர்கள். சவாரிக்காரர் விழுந்தவுடன் காளைக்கும் அவருக்கும் நடுவே தங்கள் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. 1989-இல் வயோமிங்கின் ஷையன் நகரில், உலக சாம்பியன் லேன் ஃபிராஸ்ட் சவாரியை வெற்றிகரமாக முடித்து இறங்கிய பிறகுதான் காளை குத்தி இறந்தார். இன்று வீரர்கள் அணியும் பாதுகாப்புக் கவச உடை, அவருடைய நண்பர் கோடி லாம்பர்ட் அந்தச் சாவுக்குப் பிறகு உருவாக்கியது. எட்டு விநாடி மணி அடித்த பிறகு ஆபத்து முடிந்துவிடுவதில்லை, அப்போதும் கண்ணை எடுக்காதீர்கள்.

தொடக்கத்தில் குதிரைகள் கொடியோடு வரும், பிரார்த்தனை சொல்வார்கள், தேசிய கீதம் பாடுவார்கள். எழுந்து நில்லுங்கள், தலையில் தொப்பி இருந்தால் கழற்றுங்கள். நீங்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், அந்த ஊர்க்காரர்களுக்குத் தரும் மரியாதை அது. மற்றவர் தொப்பியைக் கேட்காமல் எடுத்துத் தலையில் வைத்துப் படம் எடுப்பதும் வேண்டாம். கவ்பாய் வேஷம் போட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மூடிய காலணி மட்டும் முக்கியம். வண்டி நிறுத்துவது புல்வெளியில், எங்கும் மண், எங்கும் சாணம்.

கோடி ஊர் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் கொளுத்தும், சூரியன் இறங்கியதும் குளிர் பிடிக்கும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். மாலை ஆட்டத்துக்கு மேற்குப் பக்க இருக்கைகள் நல்லவை, வெயில் முதுகில்தான் விழும். சைவம் சாப்பிடுபவர்கள் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிடுவது நல்லது. பீன்ஸ் என்று நம்பி வாங்குவதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளைக் கம்பி வேலியில் ஏற விடாதீர்கள். அரங்கத்துக்கு வெளியே வீரர்கள் குதிரைகளை நடத்திச் சூடேற்றிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கமாகப் போய்த் தொடுவது ஆபத்து, முன்பக்கம் என்றாலும் உடையவரைக் கேட்ட பிறகுதான். செம்மறியாட்டின் மேல் குழந்தைகளை ஏற்றி விடும் 'மட்டன் பஸ்டிங்' எல்லாருக்கும் பிடிக்கும். வயது, எடை வரம்பு உண்டு, பெயர் முன்பே கொடுக்க வேண்டும். குழந்தை பயந்தால் வற்புறுத்தாதீர்கள்.

மிருகவதை பற்றிய கேள்வியைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. துள்ளும் மிருகத்தின் விதையைக் கட்டியிருக்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. துள்ள வைப்பதற்கான பட்டை வயிற்றின் பின்பகுதியைச் சுற்றித்தான் கட்டப்படுகிறது. குதிமுட்கள் மழுங்கியிருக்க வேண்டும், கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும் என்று பிஆர்சிஏ விதி இருக்கிறது. ஆனாலும் மிருகங்களுக்குக் காயம் படுவது உண்டு. பயந்து ஓடும் கன்றைக் கயிற்றில் நிறுத்துவதைக் கண்கொண்டு பார்க்க முடியாதவர்களும் உண்டு. பிரிட்டனில் 1934-லேயே சட்டம் போட்டு இத்தகைய போட்டிகளைத் தடுத்துவிட்டார்கள். ஜல்லிக்கட்டை எதிர்த்து நீதிமன்றம் போன பீட்டா அமைப்பு ரோடியோவையும் எதிர்க்கிறது. 2017-இல் மெரினாவில் நாம் சொன்ன வாதங்களை, மரபு, வளர்ப்பவனின் பாசம், ஊரின் அடையாளம் என்று இங்கேயும் கேட்கலாம். எதிர்ப்பவர்களின் வாதங்களும் அன்று ஜல்லிக்கட்டுக்கு எதிராகச் சொன்னவையேதான். இதை வீட்டிலேயே பேசி, போவதா வேண்டாமா என்று முடிவெடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக, மாலை ஆட்டத்தோடு ரோடியோ முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாலையில் இடம் கிடைக்காத போட்டியாளர்களுக்காகப் பல ஊர்களில் காலையிலோ நள்ளிரவை ஒட்டியோ 'ஸ்லாக்' என்று ஒன்று நடத்துவார்கள். இசை இல்லை, கோமாளி இல்லை, கூட்டம் இல்லை. பெரும்பாலும் கயிற்றுப் போட்டியும் பீப்பாய்ப் பந்தயமும்தான். பல இடங்களில் கட்டணமும் கிடையாது. பெரிய பெயர்கள் அங்கே சாதாரணமாக வந்து போட்டியிட்டுவிட்டுப் போவார்கள். நேரத்தை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட்டில் மழை பெய்தாலும் நடக்கும் என்று போட்டிருந்தால் அதை நம்புங்கள், மழைக்கோட்டு எடுத்துப்போங்கள். பணம் திரும்பக் கிடைக்காது.