பழைய வருமான வரி பாக்கி: எத்தனை வருஷம் கழித்துக் கேட்கலாம்?

புரோநோட்டு மூணு வருஷத்தில் செத்துவிடும் என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். அதே கணக்கை வருமான வரி பாக்கிக்கும் போட்டு, "இவ்வளவு வருஷம் ஆச்சு, இனி எங்கே கேட்கப் போறான்" என்று சும்மா இருந்துவிடுகிறவர்கள் நிறைய. அப்பாவும் அந்த ரகம்தான். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு வர வேண்டிய ரீஃபண்டை 2008-09 மதிப்பீட்டு ஆண்டின் (அதாவது 2007-08 நிதியாண்டு வருமானத்துக்கான) பாக்கியில் கழித்துக்கொள்ளப் போகிறோம் என்று ஒரு மெயில் வந்தது. ஏதோ ஃபிராடு மெயில் என்றுதான் முதலில் நினைத்தோம்.

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக நிர்ணயித்து, உங்களுக்குத் தெரியப்படுத்திய வரி பாக்கிக்கு இந்தியாவில் காலாவதி என்று பொதுவாக எதுவும் இல்லை. வசூல் நடவடிக்கையை எப்போதுக்குள் தொடங்க வேண்டும் என்று 1961 வருமான வரிச் சட்டத்தில் 231-ஆம் பிரிவு ஒன்று இருந்தது, அதை 1989 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் "எங்க ஊர்ல பத்து வருஷம்தான்" என்பார். அவர் சொல்வது அந்த ஊருக்குச் சரி, நமக்கு உதவாது. போதாததற்கு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் கட்டாத பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், 40,000 ரூபாய் என்றால் மாதம் 400, ஐந்து வருஷத்தில் 24,000.

அப்படியென்றால் கெடு எங்கேதான் இருக்கிறது? பாக்கியை உருவாக்குவதில் இருக்கிறது. நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்னைச் சரிபார்த்து 143(1) அறிவிப்பு அனுப்ப, தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 9 மாதம்தான் அவகாசம். 2023 ஜூலையில் போட்டிருந்தால் 2024 டிசம்பர் 31 வரை. அதற்குப் பிந்திய தேதியில் அறிவிப்பு வந்திருந்தால் கேள்வி கேட்கலாம். அதனால் பாக்கியைப் பார்த்ததும் தொகையை விடுங்கள், எந்தப் பிரிவில், எந்தத் தேதியில் போட்ட உத்தரவு என்பதை முதலில் பாருங்கள். வருமான வரி போர்ட்டலில் நுழைந்து 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' போனால் பட்டியல் இருக்கும். மெயில் வரவில்லை என்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

அங்கே அவசரப்பட்டு 'டிமாண்ட் இஸ் கரெக்ட்' என்பதை மட்டும் தட்டிவிடாதீர்கள். தட்டினால் பிறகு அதே இடத்தில் மறுக்க முடியாது. ரீஃபண்டில் கழிப்பதாக 245-ஆம் பிரிவில் தகவல் வந்தால் பதில் சொல்ல 21 நாள்தான், முன்பு 30 நாள் இருந்தது. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக் கழித்துவிடுவார்கள். முன்கூட்டித் தகவல் தராமல் கழிக்கக் கூடாது என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2013-லேயே அழுத்திச் சொல்லியிருக்கிறது.

சம்பளக்காரர்களின் பழைய பாக்கியில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் டி.டி.எஸ். (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பொருந்தாத கதைதான். கம்பெனி சம்பளத்தில் பிடித்திருக்கும், ஆனால் அரசுக்குக் கட்டியிருக்காது, அல்லது பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கும். இதற்கு 205-ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிடித்த வரியை மறுபடி உங்களிடம் கேட்கக் கூடாது. ஆனால் பிடித்தார்கள் என்று காட்ட வேண்டியது நீங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஃபைல் எல்லாம் போய்விட்டது என்பவர்கள் 26ஏ.எஸ். (உங்கள் பான் எண்ணில் ஏறிய வரிகளின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள், 2008-09 நிதியாண்டிலிருந்து ஆன்லைனில் இருக்கிறது. அப்பாவின் கெட்ட நேரம், அவர் பாக்கி அதற்கு ஒரே ஒரு வருஷம் முந்தியது. நல்லவேளை, அம்மா கோத்ரேஜ் பீரோவின் மேல் தட்டில் ஃபார்ம் 16-ஐ (வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்றிதழ்) பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். அதை ஸ்கேன் செய்து இணைத்து மறுப்பு போட்டோம், ரீஃபண்டு வந்தது, பாக்கி மட்டும் போர்ட்டலில் அப்படியே தொங்கியது.

அதுவும் கடைசியில் தானாகப் போனது. 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்த தள்ளுபடி அது: 2009-10 நிதியாண்டு வரையிலான பாக்கியில் ஒவ்வொன்றும் 25,000 ரூபாய் வரை, 2010-11 முதல் 2014-15 வரை என்றால் 10,000 வரை, ஒருவருக்கு மொத்தமாக 1 லட்சத்துக்குள். உங்களுடையது அந்தக் கணக்குக்குள் வந்தும் இன்னும் காட்டினால் விடாமல் கேளுங்கள். ஏற்கெனவே கட்டியது திரும்பி வராது.

உத்தரவிலேயே கூட்டல் தப்பு, கட்டிய சலான் ஏறவில்லை என்ற மாதிரி வெளிப்படையான பிழை என்றால் 154-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். காலக்கெடு உண்மையில் கடிப்பது இங்கேதான், அதுவும் நம்மை: உத்தரவு போட்ட நிதியாண்டு முடிந்து 4 வருஷம். 2022 நவம்பரில் வந்த உத்தரவு என்றால் 2027 மார்ச் 31 கடைசி. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்றாலும் பழைய ஆண்டுகளுக்கு இந்தப் பழைய பிரிவுகள்தான்.

இறந்துபோனவர் பெயரில் பாக்கி வந்தால் பதற வேண்டாம். வாரிசு கொடுக்க வேண்டியது அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான்.

ஆன்லைனில் நகராவிட்டால், நேராகச் சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள வருமான வரி அலுவலகமான ஆயகர் பவனுக்கு வண்டியை விடாமல், போர்ட்டலில் 'நோ யுவர் ஏ.ஓ.' பார்த்து உங்கள் அதிகாரி யார், எந்தக் கட்டடம் என்று தெரிந்துகொண்டு போங்கள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் தேதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.