ஓப்பன்ஃபோம் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஒரு செட்டிநாட்டு வீட்டை வைத்து

காரைக்குடிப் பக்கம் இன்ஜினியரிங்கும் கட்டடக்கலையும் படிக்கிற பிள்ளைகளைச் சுண்டி இழுக்கிற புராஜெக்ட் தலைப்பு ஒன்று உண்டு: செட்டிநாட்டு வீட்டுக்குள் காற்று எப்படி ஓடுகிறது? முகப்பு, வளவு (வானம் பார்த்த நடுமுற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் தலைவாசலில் நின்றே பின்கதவைப் பார்த்துவிடலாம். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளின் லைசென்ஸ் விலை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் எல்லோரும் கடைசியில் வந்து சேர்வது ஓப்பன்ஃபோமில்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எண்பதுகளின் இறுதியில் தொடங்கி, 2004 டிசம்பரில் திறமூலமாக வெளியிடப்பட்ட பாய்வியல் மென்பொருள் இது; காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும்.

இதில் வரும் தவறுகளில் இரண்டு சாதி. ஒன்று திரையில் சிவப்பாகக் கத்தும், நம்மை நிறுத்திவிடும். இன்னொன்று வாயே திறக்காது. படம் அழகாக வரும், அம்புக்குறிகள் வளவுக்குள் சுழன்று சுழன்று போகும், கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். நிறுவும்போது வருபவை பெரும்பாலும் முதல் சாதி. வீட்டை உள்ளே ஏற்றும்போது வருபவை இரண்டாவது. பயப்பட வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

எந்த ஓப்பன்ஃபோம்?

ஓப்பன்ஃபோம் என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி வெளியீடுகள் இருக்கின்றன. 11, 12 என்று எண்ணிக்கொண்டு போவது ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷன் வெளியிடுவது. 2406, 2412 என்று நான்கு இலக்கத்தில் வருவது ஓப்பன்சிஎஃப்டி வெளியிடுவது. அதில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 2412 என்றால் 2024 டிசம்பர். இரண்டும் நல்லவைதான். ஆனால் பங்காளி வீடுகள் மாதிரி, ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டுக்குச் சேராது.

பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 12-ஐ நிறுவிவிட்டு, 2412-க்கு எடுத்த வீடியோவைப் பார்த்துக்கொண்டே கட்டளை அடிப்பார்கள். ஃபவுண்டேஷன் பதிப்பில் 11-லிருந்து சிம்பிள்ஃபோம், பிம்பிள்ஃபோம் போன்ற தனித்தனி சால்வர்களை (ஓட்டத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கிற நிரல்களை) விட்டுவிட்டு ஃபோம்ரன் என்ற ஒரே கட்டளைக்கு மாறிவிட்டார்கள். பாகுத்தன்மை எழுதுகிற கோப்பின் பெயர், டர்புலன்ஸ் (கொந்தளிப்பு) மாடல் எழுதுகிற கோப்பின் பெயர் எல்லாம் அங்கே மாறியாகிவிட்டது. 2412-இல் பழைய பெயர்களே ஓடுகின்றன. அதனால் முதலில் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் அந்தப் பாடம் எந்தப் பதிப்புக்கு எடுத்ததோ அதையே நிறுவுங்கள். புதியதுதான் நல்லது என்று ஓட வேண்டாம்.

உபுண்டு லினக்ஸில் இன்னொரு பொறி இருக்கிறது. எந்த முன்னேற்பாடும் இல்லாமல், மென்பொருள் நிறுவுகிற ஆப்ட் கட்டளையில் ஓப்பன்ஃபோம் என்று மட்டும் கேட்டால், உபுண்டு தன் கிடங்கில் வைத்திருக்கிற பழைய சரக்கைத் தரும். 22.04-இல் அப்படிக் கிடைப்பது 2019 டிசம்பர் பதிப்பு. மென்பொருளை வெளியிடுபவர்களின் தளத்தில் சொல்லியிருக்கிற கிடங்கு முகவரியை முதலில் சேர்த்துவிட்டு, பதிப்பு எண்ணோடு கேட்க வேண்டும். மூலநிரலை இறக்கித் தானே கம்பைல் செய்வதுதான் வீரம் என்று ஒரு நினைப்பு சிலருக்கு உண்டு. சாதாரண லேப்டாப்பில் அது பல மணி நேரம் இழுக்கும். சால்வரின் உள்ளே கைவைக்கப் போவதில்லை என்றால் அது வீண் வேலை.

நிறுவியபின் கட்டளையை அடித்தால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்று வரும். உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். மென்பொருள் அங்கேயேதான் இருக்கிறது. டெர்மினலுக்கு அதன் இருப்பிடம் தெரியவில்லை, அவ்வளவுதான். டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கிற, உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கிற பேஷ்ஆர்சி கோப்பின் கடைசியில், ஓப்பன்ஃபோமின் சொந்த பேஷ்ஆர்சியை அழைக்கிற ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் புதிதாக டெர்மினலைத் திறந்தால் சரியாகிவிடும். ஒரு வரி மட்டும்தான். இரண்டு பதிப்புகளுக்கும் ஒவ்வொரு வரி சேர்த்தால் ஒன்றின் நூலகமும் இன்னொன்றின் சால்வரும் கலந்து, எங்கிருந்து வந்தது என்றே கண்டுபிடிக்க முடியாத பிழைகள் வரும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டவிடுகிற டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு போட்டுக்கொள்வது நல்ல வழி. கணக்குக் கோப்புகளை சி டிரைவில், டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவுக்குள் எழுதுவது மிக மெதுவாக நடக்கும். ஓப்பன்ஃபோமோ ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகளை எழுதுகிற மென்பொருள். லினக்ஸின் ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி கூடாது. ‘ஃபைனல் இயர் புராஜெக்ட்’ என்று பிரித்துப் பிரித்துப் பெயர் வைத்தால் பாதை பாதியில் அறுந்துவிடும்.

டபிள்யூஎஸ்எல் வழக்கமாகக் கணினியின் ராமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி இருந்தால் லினக்ஸுக்குக் கிடைப்பது 4. கணக்கு பாதியில் ‘கில்டு’ என்று ஒரே சொல்லோடு செத்துப்போனால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். படம் பார்க்க விண்டோஸிலேயே பாராவியூ போட்டுக்கொண்டு, கணக்கு ஃபோல்டருக்குள் ஃபோம் என்று முடிகிற ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி அதைத் திறந்தால் போதும்.

எல்லாம் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். கூடவே வருகிற கேவிட்டி பயிற்சியை அதன் தனி இடத்திலிருந்து உங்கள் ஃபோல்டருக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால் நிறுவியது சரி; இனி வருகிற பிழைகள் உங்கள் கோப்புகளில்தான் இருக்கும். அந்தப் பிழைச் செய்தியும் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் பெரும்பாலும் சொல்லிவிடும், படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு இடத்தில் என்ன சொல் போடலாம் என்று தெரியாவிட்டால் ‘பனானா’ என்று எழுதி ஓட்டுங்கள். அப்படி ஒன்று இல்லை என்று திட்டிவிட்டு, அங்கே செல்லுபடியாகும் சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாகக் கொட்டும். உலகம் முழுக்க ஓப்பன்ஃபோம் ஆட்கள் செய்கிற குறும்பு இது.

வீட்டை உள்ளே ஏற்றும்போது

சத்தம் போடாத தவறுகள் இங்கே தொடங்குகின்றன. முதலாவது அலகு. ஓப்பன்ஃபோமுக்கு எல்லாமே மீட்டர். வரைபட மென்பொருளில் மில்லிமீட்டரில் வரைந்து எஸ்டிஎல் கோப்பாக எடுத்தால், 50 மீட்டர் வீடு 50 கிலோமீட்டர் வீடாகிவிடும். அப்போதும் கணக்கு ஓடும்! பழைய வீட்டை அடிக்கணக்கில் அளந்து வரைபவர்களுக்கு இன்னும் சிக்கல்: ஏழடிக் கதவு ஏழு மீட்டராக நின்றால் படத்தில் கண்ணுக்கே தெரியாது. சர்ஃபேஸ்செக் கட்டளை எஸ்டிஎல் கோப்பில் இருக்கிற வீட்டின் எல்லைகளை எண்ணாகக் காட்டும். அந்த எண்ணை நீங்கள் டேப் வைத்து அளந்ததோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அடுத்தது ஆசை. தேக்குத் தூணின் செதுக்கல், நிலைக்கதவின் பூவேலை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் மெஷ்ஷில் (கணக்குக்காக இடத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிக்கிற வலையில்) கொண்டுவர வேண்டும் என்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 50 மீட்டர் நீளம், 20 அகலம், 8 உயரம் என்றால் 8000 கனமீட்டர். அதை 20 சென்டிமீட்டர் செல்லாகப் பிரித்தால் 10 லட்சம் செல்கள். 5 சென்டிமீட்டர் என்றால் 6 கோடியே 40 லட்சம். 10 லட்சம் செல்லுக்கு ஒரு ஜிபி ராம் என்பது தோராயமான கைக்கணக்கு. ஜன்னல் கம்பியின் தடிமனோ ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆகவே கம்பியை விட்டுவிடுங்கள், செதுக்கலை விட்டுவிடுங்கள், தூணை வெறும் உருளையாக வையுங்கள். வாசல், ஜன்னல், வளவின் திறப்பு ஆகிய இடங்களில் மட்டும் செல்லைப் பொடியாக்குங்கள். கதவைத் திறந்த நிலையில் வரைய மறக்க வேண்டாம். மெஷ் உருவாக்குகிற ஸ்னாப்பிஹெக்ஸ்மெஷ்ஷில் காற்று இருக்கிற ஒரு புள்ளியைக் கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து போய்ச்சேர முடியாத அறைகளை அது ஒன்றும் சொல்லாமல் நீக்கிவிடும். புள்ளி தவறிச் சுவருக்குள் விழுந்தால் காற்று போய்ச் சுவர் மட்டும் மிஞ்சும்.

வீட்டைச் சுற்றி இடம் விடாமல், காற்றைக் கணக்கிடுகிற பெட்டி போடுவதும் அடிக்கடி பார்க்கிற தப்பு. கட்டட உயரத்தைப் போல முன்னால், பக்கவாட்டில், மேலே ஐந்து மடங்கு, பின்னால் பதினைந்து மடங்கு விடுவது வழக்கம். 8 மீட்டர் வீட்டுக்கு முன்னால் 40, பின்னால் 120 மீட்டர். இதைச் சுருக்கினால் பெட்டியின் எல்லையே காற்றைப் பிடித்து நெருக்கும். வளவில் வேகம் பொய்யாகக் கூடும்.

இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று. வெப்பநிலையே இல்லாத சால்வரை ஓட்டிவிட்டு, ரிப்போர்ட்டில் ‘வளவில் சூடான காற்று மேலேறி வெளியேறுகிறது’ என்று எழுதுவார்கள். ‘அண்ணே, படத்துல காத்து மேலதானே போகுது’ என்று வாதமும் செய்வார்கள். அது வெளிக்காற்று உள்ளே தள்ளியதால் போகிறது. சூட்டால் எழுகிற காற்று வேண்டுமென்றால் வெப்பத்தையும் புவியீர்ப்பையும் சேர்த்துக் கணக்கிடுகிற சால்வர் வேண்டும். 2412-இல் பாயன்ட் (மிதப்பு) என்ற பெயரோடு வருபவை அந்த வகை. காற்றே அசையாத சித்திரை மதியத்தில் வளவு என்ன செய்கிறது என்பதுதான் இந்த வீடுகளைப் பற்றிய சுவாரசியமான கேள்வி. அதை வெப்பம் இல்லாத கணக்கில் கேட்கவே முடியாது.

அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தி மாறாத சால்வர்களில் அழுத்தம் என்று வருவது அடர்த்தியால் வகுத்த எண். காற்றுக்கு அதை ஏறக்குறைய 1.2-ஆல் பெருக்கினால்தான் பாஸ்கல் கிடைக்கும்.

ஓடவிட்ட பிறகு

நேரத்தோடு மாறுகிற கணக்கில் காலப்படியை இஷ்டத்துக்குப் போட்டால் கணக்கு வெடிக்கும். காற்று ஒரு படியில் ஒரு செல்லுக்கு மேல் தாண்டக் கூடாது என்பது கூரான்ட் எண்ணின் சாரம். நொடிக்கு 2 மீட்டர் வேகம், 5 சென்டிமீட்டர் செல் என்றால் படி 0.025 நொடிக்குள் இருக்க வேண்டும். செல்லைப் பாதியாக்கினால் படியும் பாதி.

நாலு கோரில் ஓட்டும்போது கட்டளையின் கடைசியில் ‘பேரலல்’ என்ற குறியை விட்டுவிடுவார்கள். அப்போது வேலை நாலாகப் பிரியாது. ஒரே கணக்கின் நாலு பிரதிகள் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டு ஓடும். மின்விசிறி இரைகிற இரைச்சலில் எல்லாம் மும்முரமாக நடப்பதாகத் தோன்றும். லாகில் ஒவ்வொரு வரியும் நாலு தடவை வந்தால் இதுதான் கதை.

ரெசிடுவல் (சமன்பாட்டில் மிஞ்சுகிற பிழை) இறங்கிவிட்டது, கணக்கு முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். தலைவாசல் வழியாக நொடிக்கு எவ்வளவு காற்று நுழைகிறது என்பதைத் தனியாகப் பதிவுசெய்து, அந்த எண் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு செல்லைப் பொடியாக்கி மறுபடி ஓட்டுங்கள். எண் கணிசமாக மாறினால் முதலில் வந்தது விடை இல்லை.

கரண்ட் விஷயம் நம் ஊருக்கு முக்கியம். கணக்கு எப்படி ஓட வேண்டும் என்று சொல்கிற கன்ட்ரோல்டிக்ட் கோப்பில் இடைவெளி விட்டு அடிக்கடி சேமிக்கச் சொல்லுங்கள். டிஸ்க் நிரம்பாமலிருக்கப் பர்ஜ்ரைட்டில் கடைசி இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். தொடங்கும் இடத்தை ‘லேட்டஸ்ட்டைம்’ என்று மாற்றாவிட்டால், கரண்ட் வந்தபின் கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி கிளம்பும். யுபிஎஸ் பீப் அடிக்கத் தொடங்கியதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘ஸ்டாப்அட்’ என்ற வரியில் ‘ரைட்நவ்’ என்று மாற்றிக் கோப்பைச் சேமித்தால் இருக்கிற இடத்தை எழுதிவிட்டு ஒழுங்காக நிற்கும். கரண்ட் வந்ததும் அந்த வரியை ‘எண்ட்டைம்’ என்று திருப்பி மாற்றிவிடுங்கள். மறந்தால் ஒரே ஒரு படி ஓடிவிட்டு நின்றுகொள்ளும். அதைப் பார்த்து மென்பொருளை மறுபடி நிறுவப் போய்விடாதீர்கள்.