சுகப்பிரசவமா, சிசேரியனா: முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டியவை

வளைகாப்பில் வளையல் அடுக்கும் பெண்கள் எல்லோரும் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்றுதான் வாழ்த்துகிறார்கள். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியனாகவே நடந்தன. அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடாக இருந்த அந்த அளவு தனியாரில் 64 விழுக்காட்டை நெருங்கியது. இந்த இடைவெளியை வைத்து எந்த மருத்துவரையும் ஐயப்படத் தேவையில்லை என்றாலும், "எனக்கு ஏன்?" என்று கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அதைக் கேட்க ஏற்ற நேரம் 36ஆம் வாரத்தை ஒட்டிய பரிசோதனை. பிரசவ வலி தொடங்கிய பிறகு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. கணவரோ தாயாரோ உடனிருக்க, ஸ்கேன் அறிக்கைகளை எடுத்துச் சென்று, குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, குழந்தைக்கு ஊட்டம் தரும் நஞ்சு (பிளசென்டா) எங்கே ஒட்டியிருக்கிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் எப்படி உள்ளன என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நஞ்சு கருப்பை வாயை மூடியிருந்தாலோ, பிரசவ நேரத்திலும் குழந்தை குறுக்காகவே கிடந்தாலோ, பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி முன்னால் சரிந்துவிட்டாலோ அறுவைதான் வழி. அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. "கொடி சுத்தியிருக்கு" என்பது அப்படிப்பட்டதன்று. கழுத்தில் கொடி சுற்றியிருப்பது பல குழந்தைகளிடம் இயல்பாகக் காணப்படுவது. இதயத் துடிப்பு சீராக இருக்கும்வரை அது மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது. பனிக்குட நீர் குறைவு, குழந்தையின் எடை, இரட்டைக் குழந்தை போன்றவற்றில் அளவும் நிலையும் பார்த்தே முடிவெடுப்பார்கள் என்பதால், "எவ்வளவு குறைவு, காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்பது நியாயமே.

சுகப்பிரசவத்தில் வலி முழுவதும் முன்னால் வருகிறது. கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் விரிய வேண்டும். முதல் குழந்தைக்கு அதற்குப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். வலியைக் குறைக்க எபிடியூரல் ஊசி கிடைக்குமா என்று முன்பே விசாரித்து வையுங்கள். பிறப்புறுப்பில் கிழிசலோ தையலோ ஏற்பட்டால் சில நாள்கள் உட்காரச் சிரமமாக இருக்கும்; இருமும்போது சிறுநீர் கசிவதும் சிலருக்கு உண்டு. எனினும் பெரும்பாலோர் அன்றே எழுந்து நடந்து, ஓரிரு நாள்களில் வீடு திரும்புகிறார்கள்.

சிசேரியனில் முதுகுத்தண்டு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்கிறார்கள்; விழித்திருக்கும்போதே குழந்தையின் அழுகுரல் கேட்கும். வலி பின்னால் வருகிறது. சிறுநீர்க் குழாய், தையல், மூன்று நான்கு நாள் மருத்துவமனை வாசம், அதன்பின் பல வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காமல் இருத்தல் என்று அது நீளும். கட்டிலிலிருந்து நேராக எழாமல் ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றி எழுவதையும், இருமும்போது தலையணையால் வயிற்றை அணைத்துக்கொள்வதையும் முன்பே பழகிக்கொண்டால் பெரும் உதவி. இரத்தப்போக்கு, தொற்று, காலில் இரத்தம் உறைதல் ஆகியவை இதில் கூடுதல். அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பின் மேலேயே நஞ்சு வேரூன்றும் ஆபத்து, அறுவையின் எண்ணிக்கை கூடக் கூட ஏறுகிறது. இன்னும் ஒன்றிரண்டு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் எடைபோட வேண்டும்.

முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்ததும் அப்படியேதான் என்ற விதி இல்லை. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டிய தழும்பு ஒன்றே இருந்தால், முயல்வோரில் பத்துக்கு ஆறேழு பேருக்கேனும் சுகப்பிரசவம் அமைகிறது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியக்கூடும் என்பதால், எந்நேரமும் அறுவை அரங்கும் இரத்தமும் தயாராக உள்ள இடத்தில்தான் அதை முயல வேண்டும்.

நல்ல நேரம் பார்த்துத் தேதி குறிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவக் காரணம் இல்லாதபோது 39 வாரம் நிறைவதற்கு முன் அறுவை செய்தால், குழந்தை மூச்சுத் திணறலுடன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரலாம். பஞ்சாங்கம் பார்ப்பதானால் அந்த வாரத்திற்குப் பிறகுள்ள நாள்களில் பாருங்கள்.

எந்த வழியாயினும், பிறந்த குழந்தையை மார்போடு அணைத்து ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்கலாம். சிசேரியனில் அதற்கு ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ வலிக்குக் காத்திராமல் கிளம்புங்கள். 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவ நாள் விழுகிறவர்கள், மழைநீர் தேங்காத மாற்று வழி ஒன்றையும் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.