புளியரை மலையில கார் ஓட்டப் பயமா?

செங்கோட்டையில இருந்து புளியரை வழியா கேரளாவுக்குப் போற புனலூர் மலை ரோட்டுல கார் எடுக்கணும்னாலே உள்ளங்கை வேர்க்குதுன்னு எங்க மதினி மாதிரி நிறைய பேர் சொல்லுதாங்க. தள்ளிப்போடப் போடத்தான் அந்தப் பயம் வளரும். பயத்தோடயே கொஞ்சம் கொஞ்சமா ஓட்டிப் பழகுங்க. மழையில்லாத பகல்ல முதல்ல புளியரை வரைக்கும், அது பழகின பிறகு எஸ் வளைவு, அப்புறம் ஆரியங்காவு.

ஏத்தத்துல நின்னா வண்டி பின்னால உருண்டுருமோங்கிறதுதான் பெரிய பயம். ஆளில்லாத சின்ன ஏத்தமாப் பார்த்து நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, கிளட்சைப் பைய விடுங்க. இன்ஜின் சத்தம் கம்மும், வண்டி மூக்கு லேசாத் தூக்கும். அங்கேயே கிளட்ச் காலை அசைக்காம, இன்னொரு காலால ஆக்சிலேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்குங்க. உருளாது. இது கைவந்துட்டாலே பாதி மலை ஏறின மாதிரி.

பின்னால லாரிக்காரர் ஹாரன் அடிச்சா பதறாதீங்க. அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழிவிடுங்க. எதிர்ல வண்டி இறங்கி வந்தா, குறுகலான மலைப்பாதையில ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமை. 2017 மோட்டார் வாகன ஓட்டுநர் விதிமுறையே அப்படித்தான் சொல்லுது. இறக்கத்துல இரண்டாவது கியர்ல வாங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா சூடேறிப் பிடிக்காமப் போயிரும்.

பக்கத்துல உட்கார்றவங்க தயவுசெஞ்சு கத்தாதீங்க. அண்ணன் போட்ட "பிரேக், பிரேக்" சத்தம்தான் மதினிக்குப் பாதிப் பயம்.

நெஞ்சு படபடன்னு அடிச்சா ஓரங்கட்டி நிறுத்தி, மூச்சை இழுக்கிறதைவிட நீளமா விடுங்க. மயக்கம், மூச்சுத்திணறல் அடிக்கடி வந்தா வண்டி எடுக்காம முதல்ல டாக்டரைப் பாருங்க.